டபுள் டின்: டேஷ்போர்டில் ஓர் ஓட்டையின் கதை

"வண்டி சிங்கிள் டின்னா, டபுள் டின்னா சார்?"

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் போன வருஷம் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் டின் என்றால் எண்ணெய் டின், பால் பவுடர் டின். பழைய செட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டியைத்தான் சொல்கிறார் போல என்று நினைத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார் அப்பா.

கடைத் தம்பி எட்டிப் பார்த்தார். "டபுள் டின்தான் ஐயா. மேல செட்டு, கீழ வெறும் பாக்கெட்டு குடுத்திருக்காங்க. அந்தப் பாக்கெட்ட எடுத்துட்டா ஏழு இன்ச் ஸ்கிரீன் கச்சிதமா உக்காரும்."

உட்கார்ந்தது. 2009-ல் வாங்கிய வண்டி. இப்போது சந்தைக்கு வந்த செட். இரண்டையும் செய்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் உள்ளே போய் 'டக்' என்று நின்றது. இது எப்படி முடிந்தது என்ற கேள்வியோடுதான் அன்று வீடு திரும்பினேன். பதிலைத் தேடப் போய், கடைசியில் அந்தச் செட்டைவிட அது உட்கார்ந்த ஓட்டையின் வரலாறுதான் பெரிது என்று தெரிந்தது.

முதலில் டின். அது தகரம் இல்லை. ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் தொடங்கிய அமைப்பு. தாள் அளவுகளுக்கு 1922-ல் அவர்கள் போட்ட 476-ஆம் எண் தரத்திலிருந்து வந்ததுதான் நாம் ஜெராக்ஸ் கடையில் கேட்கிற ஏ4. கார் ரேடியோவுக்கு அவர்கள் போட்ட எண் 75490. அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. இதையே 1984-ல் சர்வதேசத் தர அமைப்பு 7736 என்ற எண்ணில் ஏற்றுக்கொண்டது. உயரத்தை இரட்டிப்பாக்கி 100 மி.மீ. ஆக்கினால் அதுதான் டபுள் டின். ஏ4 தாளும் கார் ஸ்டீரியோவின் ஓட்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது எனக்கு ரொம்பவே ஆச்சரியமாக இருந்தது.

ஓட்டை இல்லாத காலம்

இந்த 180-க்கு 50 எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, அது இல்லாத காலத்தைப் பார்த்தால்தான் புரியும்.

1930-ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவர் காருக்கென்று ஒரு ரேடியோ செய்தார். அந்த ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரை மாநாட்டு அரங்குக்கு வெளியே நிறுத்தி, உள்ளே ரேடியோவைப் பாடவிட்டு, போகிற வருகிறவர்களுக்குக் காட்டினார். மோட்டார் என்ற சொல்லோடு, விக்ட்ரோலா போன்ற அன்றைய பாட்டுப் பெட்டிகளின் பெயர் வாலை ஒட்டி 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். பிற்பாடு செல்போனில் நாம் பார்த்த அதே பெயர்தான். விலை 110 டாலரிலிருந்து 130 டாலர் வரை. ஒரு புது ஃபோர்டு மாடல் ஏ காரே ஐந்நூறு அறுநூறு டாலருக்குக் கிடைத்த நேரம் அது.

விலையைவிடப் பெரிய தலைவலி, அதைப் பொருத்துவது. அன்றைய ரேடியோ வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். கார் பேட்டரியில் அது வராது. அதனால் தனி பேட்டரிகளை வாங்கித் தரைப்பலகைக்கு அடியில் வைக்க வேண்டும். ஏரியல் கம்பியைக் கூரைத் துணிக்குள் ஓட்ட வேண்டும். ரேடியோ ஓரிடம், ஸ்பீக்கர் ஓரிடம். ஒவ்வொன்றுக்கும் காரில் துளை போட வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் 'கர்புர்' என்று இரையும். அதை அடக்கத் தனியாகப் பாகங்கள் மாட்ட வேண்டும். கால்வின் கடன் கேட்கப் போன வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுக்க, அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்று ஒரு கதையும் உண்டு. எவ்வளவு உண்மையோ, அந்தக் கால ஃபிட்டர் வேலையின் லட்சணத்தை அது சொல்லிவிடுகிறது.

ஜெர்மனியில் 1932-ல் ஐடியல் என்ற பெர்லின் நிறுவனம் புளாப்புங்க்ட் என்ற பெயரில் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. விலை 465 மார்க். ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெட்டி சுமார் பத்து லிட்டர் கொள்ளளவு, அதாவது ஒரு சின்ன அரிசி டப்பா அளவு. டிரைவர் பக்கத்தில் வைக்க இடமில்லை. அதனால் பெட்டியை வேறெங்கோ வைத்துவிட்டு, இயக்கும் குமிழ்களை மட்டும் கம்பி வழியாக ஸ்டீரியரிங் தண்டில் கொண்டுவந்து மாட்டினார்கள். ஸ்டீரியரிங்கிலேயே வால்யூம் பட்டன் இருப்பதை நாம் புதுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது!

கவனத்தைக் கெடுக்கும் என்ற பயமும் அப்போதே வந்துவிட்டது. காரில் ரேடியோவைத் தடை செய்யலாமா என்று சில அமெரிக்க மாநிலங்களில் விவாதம் நடந்தது. அந்தப் பயம் சரியா தப்பா என்ற பேச்சுக்குப் பின்னால் வருகிறேன்.

எதையும் ஏற்கும் ஓட்டை

அடுத்த ஐம்பது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1955-ல் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. உயர் மின்னழுத்தமும் வேண்டாம், வால்வின் சூடும் இல்லை. கிரைஸ்லர் நிறுவனம் 1956 மாடல் கார்களில் இசைத்தட்டு சுழலும் கருவியையே வைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1966 மாடல் ஃபோர்டு கார்களில் எட்டு டிராக் டேப் வந்தது. இதன் பின்னால் இருந்தவர் வில்லியம் லியர். கால்வினின் முதல் கார் ரேடியோவில் வேலை செய்தவரும் இவர்தான், லியர்ஜெட் விமானத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இவர்தான். பிறகு பிலிப்ஸின் கேசட் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. 1984-ல் காருக்கான சிடி பிளேயர்.

வால்வு, தட்டு, டேப், கேசட், சிடி. ஒவ்வொன்றும் சராசரி ஒரு காரின் ஆயுளுக்குள் பழசாகிப் போனது. காரோ பதினைந்து இருபது வருடம் ஓடும். இந்த இரண்டு ஆயுளுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அந்த ஓட்டை நிரப்பியது என்று நான் புரிந்துகொள்கிறேன். கார் கம்பெனி சொன்னது இவ்வளவுதான்: "இந்த அளவுக்கு ஒரு இடம் விடுகிறேன். உள்ளே என்ன வைப்பது என்பது உன் பாடு."

எங்கள் வீட்டு அம்பாசடர் பெரியப்பாவுடையது. அதில் செட்டே கிடையாது. ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலத்து வண்டி. பின்னால் டேஷ்போர்டுக்குக் கீழே தகடு அடித்து ஒரு கேசட் செட்டைத் தொங்கவிட்டார்கள். முன் சீட்டில் நடுவில் உட்காருகிறவரின் முழங்கால் அதில் இடிக்கும். அடுத்த தலைமுறை வண்டிகளில் ஓட்டை வந்தது. முழங்கால் தப்பித்தது.

ஓட்டை எல்லாருக்கும் பொது என்பதால் திருடனுக்கும் பொது. ஒரு வண்டியில் கழற்றியது எந்த வண்டியிலும் மாட்டலாம் என்றால், அதைவிட நல்ல திருட்டுப் பொருள் உண்டா? இதே தரத்தில் செட்டை வெளியே எடுக்கவும் வழி இருந்தது. முகப்பின் இரண்டு பக்கத்துத் துளைகளிலும் வளைந்த கம்பியைச் செருகி இழுத்தால் செட் கையோடு வந்துவிடும். ஃபிட்டருக்கு வசதி, திருடனுக்கு இரட்டை வசதி. அதனால்தான் முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற செட்டுகள் 1990-களில் பரவின. அப்பாவின் பழைய சிடி செட்டும் அப்படித்தான். அந்த முகப்பைக் கல்யாண மண்டபத்தில் மறந்துவிட்டு வந்து, பாதி வழியில் திரும்பிப் போன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

சிவப்பும் மஞ்சளும்

ஓட்டைக்கு அளவு வைத்ததோடு வேலை முடியவில்லை. வயருக்கும் ஒரு மொழி வேண்டும்.

ஃபிட்டர் பழைய செட்டை வெளியே இழுத்ததும் பின்னால் ஒரு கொத்து வயர். எனக்குத் தலை சுற்றியது. அவர் பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டார். கறுப்பு என்றால் எர்த். மஞ்சள் என்றால் எந்நேரமும் 12 வோல்ட். சிவப்பு என்றால் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட். வெள்ளை ஜோடி முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஜோடியில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். வெளியே வாங்கும் செட் எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் பெரும்பாலும் இதே நிறங்கள்தான். கப்ளருக்கும் 10487 என்று ஒரு சர்வதேசத் தர எண் உண்டு. கரன்ட்டுக்கு எட்டு பின், ஸ்பீக்கருக்கு எட்டு பின். வண்டியின் கப்ளரையும் செட்டின் கப்ளரையும் இணைக்க நடுவில் ஒரு சின்ன வயர் துண்டு விற்கிறார்கள். அதை மாட்டினால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம்.

மஞ்சளும் சிவப்பும் தனித்தனியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வண்டி நின்றிருக்கும்போதும் செட்டுக்கு நேரம், ஸ்டேஷன், செட்டிங் எல்லாம் நினைவில் இருக்க வேண்டும். அதற்கு மிகக் கொஞ்சம் கரன்ட் மஞ்சளில் போய்க்கொண்டே இருக்கும். செட் முழுதாக விழித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது சிவப்பு. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால், சாவியை எடுக்கிற ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துபோகும். இரண்டையும் சேர்த்து மஞ்சளிலேயே கொடுத்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது.

எங்கள் வண்டியில் இரண்டாவதுதான் நடந்தது. ஊருக்குப் போய்விட்டு ஐந்து நாள் கழித்து வந்து சாவி திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பினோம். கடைக்குப் போனதும் அந்தத் தம்பியே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அவசரத்துல ரெண்டையும் ஒண்ணா முறுக்கிட்டேன் ஐயா." பத்து நிமிடத்தில் சரி செய்தார். அதன்பிறகும் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு ராகம் ஏறியது. எர்த்தை வேறு நல்ல இடத்தில் கொடுத்ததும் நின்றது. ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற இரைச்சல் அது. கால்வினை 1930-ல் படுத்தியது ஸ்பார்க் பிளக், எங்களைப் படுத்தியது ஆல்டர்னேட்டர். குடும்பம் ஒன்றுதான்.

திரை வந்த வழி

காருக்குள் திரை வந்தது பாட்டுக்காக அல்ல, வழி காட்டுவதற்காக. அதுவும் முதலில் வந்தவற்றில் ஒன்று, நம்முடையதைப் போலவே வெளியே வாங்கிப் பொருத்துகிற செட்!

1985-ல் கலிஃபோர்னியாவில் எட்டாக் என்ற நிறுவனம் ஒரு வழிகாட்டிக் கருவியை விற்றது. விலை சுமார் 1,400 டாலரிலிருந்து. பச்சைக் கோடுகளால் தெருக்களை வரையும் சின்ன டிவிக் குழாய். ஜிபிஎஸ் பொதுமக்கள் கைக்கு வராத காலம். சக்கரம் எவ்வளவு சுற்றியது, திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்தே வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிடும். கணக்கு பிசகினால், வண்டி தெருவில்தானே ஓட முடியும் என்று பக்கத்துத் தெருக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். வரைபடம் இருந்தது கேசட்டில். லாஸ் ஏஞ்சலீஸ் பகுதிக்கு மட்டுமே பல கேசட்டுகள் வேண்டும்.

எட்டாக் என்ற பெயர் பசிபிக் தீவுக்காரர்களின் கடலோடி முறையிலிருந்து எடுத்தது. அவர்கள் கணக்கில் படகு நகராது. படகு நிற்கிறது, தீவுகள்தான் அதைக் கடந்து போகின்றன. எட்டாக் திரையிலும் வண்டியின் குறி நடுவில் அசையாமல் நிற்கும், ஊர் அதைச் சுற்றி நகர்ந்து திரும்பும். இன்று நம் போனில் வழி பார்க்கும்போது அந்த அம்புக்குறி நடுவில் நிற்க, தெரு சுழல்கிறதே, அதேதான்.

தொடுதிரை அடுத்த வருடமே வந்தது. விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி பிரிட்டனின் ராடார் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஜான்சன் என்பவர் 1965-லேயே எழுதியிருந்தார், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதைக் காருக்குக் கொண்டுவந்தது. 1986 மாடல் ப்யூக் ரிவியேரா காரில் ஒன்பது இன்ச் தொடுதிரை. ரேடியோ, ஏசி, கணக்கு வழக்கு எல்லாம் அதற்குள். ஏசியைக் கூட்ட வேண்டுமா, முதலில் ஏசி பக்கத்துக்குப் போ. ரேடியோவை மாற்ற வேண்டுமா, ரேடியோ பக்கத்துக்குப் போ. ஓட்டுகிறவர்கள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று எரிச்சல்பட்டார்கள். 1985-ல் 65 ஆயிரத்துக்கு மேல் போன ரிவியேரா, 1986-ல் சுமார் 22 ஆயிரம்தான் போனது. வண்டியைச் சிறிதாக்கியதும் அதற்கு ஒரு பெரிய காரணம், பழியைத் திரை மேல் மட்டும் போட முடியாது. ஆனால் 1990 மாடலில் கம்பெனியே திரையைத் தூக்கிவிட்டுப் பட்டன்களுக்குத் திரும்பிவிட்டது.

பாடம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 1990-ல் ஜப்பானில் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ காரில் ஜிபிஎஸ்ஸும் தொடுதிரையும் சேர்ந்து வந்தன. பயோனியர் அதே வருடம் தனியாக வாங்கிப் பொருத்தும் ஜிபிஎஸ் செட்டை விற்றது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது, வழிகாட்டல் துல்லியமானது. 2014-ல் ஆப்பிள் கார்ப்ளே, 2015-ல் ஆண்ட்ராய்டு ஆட்டோ. இரண்டுமே சீக்கிரத்தில் பழைய கார்களுக்கும் வந்துசேர்ந்தன. எந்த வழியாக? அதே 180-க்கு 100 ஓட்டை வழியாக.

அப்பாவின் விரல்

இப்போது எங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன்.

முதல் ஒரு வாரம் வீடே கொண்டாடியது. வாட்ஸ்அப் கால் ஸ்பீக்கரில் வருகிறது, தெரியாத ஊரில் வழி சொல்கிறது, ரிவர்ஸ் போட்டால் பின்னால் நிற்கும் பூனைகூடத் தெரிகிறது. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் மட்டும் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அது பரவாயில்லை.

இரண்டாவது வாரம் நான் பக்கத்தில் உட்கார, அப்பா ஓட்டினார். திருவான்மியூர் சிக்னல் தாண்டியதும் பாட்டு சத்தமாக இருக்கிறது என்று குறைக்கப் போனார். பழைய செட்டில் இடது ஓரத்தில் ஒரு குமிழ். பதினைந்து வருடமாக அவர் கை அதைத் தேடியதே கிடையாது, கியரிலிருந்து எடுத்தால் நேராக அங்கேதான் போகும். அன்றும் அப்படித்தான் போனது. குமிழ் இல்லை. வழவழவென்று கண்ணாடி. தொட்டார், பாட்டு மாறியது. மறுபடி தொட்டார், ரேடியோ வந்தது. குனிந்து பார்த்தார். நான் "அப்பா!" என்று கத்தியபோது முன்னால் ஒரு ஸ்கூட்டி, பின்னால் ஸ்கூல் பையோடு ஒரு பிள்ளை. பிரேக் அடித்து நின்றோம். இடைவெளி ஒரு முழம் இருந்திருக்கும். ஸ்கூட்டிக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்விட்டார்.

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு வயசாயிடுச்சுடா" என்றார்.

அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வயதுதான் காரணமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி இரண்டு நொடியில் 33 மீட்டர் போகும். ஒரு முறை பார்வையைத் திருப்பினால் இரண்டு நொடிக்கு மேல் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடிக்கு மேல் கூடாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் கார் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் போட்டது. ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே சீட் ஹீட்டர் போடுவது, ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது போன்ற நான்கு வேலைகள். பட்டன்கள் நிறைந்த 2005 மாடல் வோல்வோவில் எல்லாம் முடிய 10 நொடி, 306 மீட்டர். திரை வைத்த புது கார்களில் கடைசியாக வந்ததற்கு ஏறக்குறைய 45 நொடி, 1372 மீட்டர். ஓட்டியவர்களுக்கு வண்டியைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்திருந்தார்கள்.

ஆக, தடுமாறியது அப்பா மட்டும் அல்ல. குமிழுக்கு ஒரு இடம் உண்டு, ஒரு வடிவம் உண்டு, எவ்வளவு திருகினோம் என்பது விரலுக்கே தெரியும். கண்ணாடியில் விரலுக்குத் தெரிவதற்கு ஒன்றுமே இல்லை. தெரிந்துகொள்ளக் கண்தான் போக வேண்டும். கண் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. 1930-களில் ரேடியோவைப் பார்த்துப் பயந்தவர்கள் காதைப் பற்றியும் கவலைப்பட்டார்கள். காது அவ்வளவாகக் கெடுக்கவில்லை. கெடுத்தது கண்.

அதற்காகத் திரையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பின்னால் வரும் வண்டிகள் சின்னக் குழந்தைகள் மேல் ஏறிவிடும் விபத்துகளைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புது கார்களிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் ஆனது. இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து புது கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். கேமரா வந்தால் திரை வந்தே தீரும். ரிவர்ஸ் எடுக்கும்போது திரையைப் பார்ப்பதுதான் வேலை. முன்னால் ஓட்டும்போது பார்க்காமல் இருப்பதுதான் வேலை. ஒரே கண்ணாடிக்கு இரண்டையும் கொடுத்ததுதான் கோளாறு. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பும், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. வால்யூம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஓட்டை மூடுகிறது

நாங்கள் என்ன செய்தோம்? மறுபடி ஜி.பி. ரோடு போனோம். "ஸ்கிரீன் இருக்கட்டும் தம்பி. ஆனா திருகுற வால்யூம் இருக்கிற செட் வேணும்" என்றார் அப்பா. தம்பி உள்ளே போய்த் தேடி, திரைக்கு இடது ஓரத்தில் குமிழ் வைத்த ஒரு டபுள் டின் செட்டை எடுத்து வந்தார். திரை கொஞ்சம் சிறிசு. போட்ட செட்டைக் கொஞ்சம் விலை குறைத்து எடுத்துக்கொண்டார். கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம். அதே ஃபிரேம், அதே கப்ளர், அதே கேமரா வயர்.

அங்கே காத்திருந்தபோதுதான் பக்கத்தில் புது வண்டியோடு ஒருவர் வந்தார். இரண்டு வருடம்கூட ஆகாத கார், டேஷ்போர்டின் நடுவில் பலகை மாதிரி பெரிய திரை. அது அடிக்கடி உறைந்துபோகிறது, வேறு போட முடியுமா என்று கேட்டார். தம்பி பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இதுல ஏசியும் இதுக்குள்ளயே இருக்கு சார். இத எடுத்தா வண்டியே பேசாது. கம்பெனிதான் போகணும்."

வண்டியே பேசாது என்று அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. காரில் இருக்கும் கருவிகள் இரண்டே கம்பிகளில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, கேன் பஸ் என்று பெயர். 1986-ல் போஷ் நிறுவனம் டெட்ராய்ட் மாநாட்டில் அதை வெளியிட்டது. பிரேக், எஞ்சின், கதவு என்று தொடங்கி மெல்ல மெல்ல ஸ்டீரியோவும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது. சில அமெரிக்க வண்டிகளில் சீட் பெல்ட் போடாவிட்டால் வரும் மணியோசைகூட ரேடியோ வழியாகத்தான் வரும், ரேடியோவைக் கழற்றினால் மணியும் ஊமை. நல்ல காரணங்களுக்காக வந்த தொழில்நுட்பம்தான். வயர் குறைந்தது, எடை குறைந்தது. ஆனால் செட் இனி தனிப் பொருள் இல்லை, வண்டியின் ஒரு உறுப்பு. உறுப்புக்கு ஓட்டை எதற்கு?

இதில் ஒரு வேடிக்கை. 1932-ல் அரிசி டப்பா அளவு ரேடியோவைச் செய்த ஐடியல் நிறுவனத்தை அடுத்த வருடமே வாங்கியது இதே போஷ்தான். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் புளாப்புங்க்ட் அவர்களிடம்தான் இருந்தது. ஓட்டைக்குள் போகிற செட்டை விற்றுக்கொண்டிருந்த அதே வீட்டில்தான், ஓட்டையைத் தேவையில்லாமல் ஆக்கப்போகிற கம்பியும் பிறந்தது.

புதுக் கார்களின் திரை அழகாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காரின் ஆயுளும் திரையின் ஆயுளும் இன்றும் வேறு வேறுதான். பதினைந்து வருடம் கழித்து அந்தத் திரைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்ன கதியில் இருக்கும்? அன்றைக்கு ஒருவருக்கு அது ஒத்துவரவில்லை என்றால், கண் மங்குகிறது என்றால், விரல் நடுங்குகிறது என்றால், எந்தக் கடைக்குப் போவார்? அப்பாவுக்கு ஒத்துவராத செட்டை மாற்றுவதற்கு எங்களுக்கு முக்கால் மணி நேரமும் கொஞ்சம் பணமும் போதுமாக இருந்தது. காரணம், எப்போதோ சிலர் கூடி 180-க்கு 50 என்று ஒத்துக்கொண்டது. புதிதாகக் கார் வாங்கப் போகிறவர்கள் திரை எத்தனை இன்ச் என்று கேட்பதோடு, அதைக் கழற்ற முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அப்பா இப்போது மறுபடி ஓட்டுகிறார். வயசாகிவிட்டது என்று அதன்பிறகு சொல்லவில்லை. கை கியரிலிருந்து குமிழுக்குப் போகிறது, கண் ரோட்டில் இருக்கிறது. முதலில் வண்டியோடு வந்த சிடி செட் பரணில் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது, கூடவே அந்த இரண்டு வளைந்த கம்பிகளும். தூக்கிப் போட மனமில்லை. வேண்டுமென்றால் இன்றைக்கும் அப்படியே உள்ளே போகும்.